சிலாவத்தைக்குப் போன பாதிப் பத்திரிகை

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கனகராயன்குளத்தில் பஸ் ஏறினேன். எழுபத்தொன்பதாம் ஆண்டு, வைகாசி மாதம். வருகிற திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். வருசா வருசம் நாங்கள் குடும்பத்தோடு உழவு மெசினில் போய்ப் பொங்கிப் படைத்து வருகிற வழக்கம். இந்த முறை மூன்று நாள் முந்தி நான் மட்டும் வெளிக்கிட்டதற்குக் காரணம் அம்மன் அல்ல, ஒரு பழைய பத்திரிகைத் தாள். அதை மறைத்து எழுதினால் அம்மன் பொறுக்கமாட்டா.

மனைவி வாசல் படலை வரைக்கும் வந்தா. "அரிசி தேங்காய் எல்லாம் நான் திங்கட்கிழமை கொண்டு வாறன். நீங்கள் உங்கட கடுதாசியைக் கொண்டு வாங்கோ. பொங்கல் விரதத்தை மட்டும் முறிச்சுப் போடாதேங்கோ, போறது மீன் தின்னிற இடம்" என்றா.

நான் பழைய பத்திரிகை சேர்க்கிறவன். குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் வயல் செய்கிற ஒருவனுக்கு இது என்ன வேலை என்று ஊரில் கேட்காதவர் இல்லை. என் வீட்டில் இரண்டு றங்குப்பெட்டி நிறையப் பத்திரிகை, இடையிடையே காய்ந்த வேப்பிலை. உலக யுத்தம் முடிந்த நாள், காந்தி மகான் இறந்த நாள், சந்திரனில் மனிதன் இறங்கிய நாள், அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரே ஒரு பத்திரிகையால். நாற்பத்தெட்டாம் ஆண்டு பெப்ரவரியில், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறுநாள் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. வாத்தியார் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து எங்களுக்கு உரத்து வாசித்தார். முதற் பக்கம் முடிந்தது. அவர் உள்ளே விரிக்கப் போகும்போது மாமா வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார். வயலில் என் ஐயாவைப் பாம்பு கடித்துவிட்டது. ஐயா தப்பவில்லை, அன்றோடு என் படிப்பு முடிந்தது. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருசமாகத் தெரியாது.

பிறகு ஒருநாள் வவுனியாவில் நிறுத்து விற்கிற பழைய தாள் கட்டுக்குள் அந்தப் பத்திரிகையின் வெளித்தாள் எனக்குக் கிடைத்தது. எட்டுப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. நடுத்தாள் இல்லை. அன்று தொட்டு அதைத் தேடுகிறேன். போன மாதம், எங்கள் ஊருக்குச் சைக்கிளில் கருவாடு கொண்டு வருகிற பிலிப்பு ஒரு கதை சொன்னான். சிலாவத்தையில் அவனுடைய பெரியம்மா வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது மாதா படத்தைக் கழற்றினானாம். படத்தின் பின்பக்கத்தில் பழைய பத்திரிகை. மேலே அதே ஆண்டு, அதே தேதி. பக்கம் மூன்று.

ஏழு மணிக்கு மாங்குளம் சந்தி. ஏழரைக்கு முல்லைத்தீவு பஸ். முப்பது மைல், நாலு ரூபா இருபது சதம். ஒத்துப் பார்ப்பதற்காக என்னிடமிருந்த வெளித்தாளை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டி மடியில் வைத்திருந்தேன். கொண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"என்னண்ணை, சாமிப் படமோ?"

"இல்லைத் தம்பி, பேப்பர்."

"இண்டையானோ?"

"நாப்பத்தெட்டாம் ஆண்டு."

"அப்ப ஆறுதலா வாசிக்கலாம்" என்று சொல்லி ரிக்கற்றைக் கிழித்துத் தந்தார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குப் பழக்கம்தான்.

ஒலுமடுவரை இரண்டு பக்கமும் காடு. பதினாறாம் மைலில் ஒட்டுசுட்டான். பஸ்ஸில் இருந்தபடியே தான்தோன்றீச்சரரைக் கும்பிட்டேன். முள்ளியவளையில் பொங்கலுக்குக் காவடியும் பாயும் சுமந்தபடி ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். பத்து மணிக்கு முல்லைத்தீவுப் பட்டினம். அங்கிருந்து கடலோரமாக இரண்டு மைல் நடை. கிடுகு வேலிகளும், வேலிமேல் வலையும், வெயிலில் பாய் பாயாகக் கருவாடும். மூக்கைப் பொத்துவது மரியாதை இல்லை என்று பொத்தாமல் நடந்தேன்.

பிலிப்புவின் பெரியம்மா பெயர் ரோசலின். ஐம்பது கடந்தவா, மெலிந்த உடம்பு, உறுதியான குரல். பிலிப்பு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தபடியால் என்னைக் கதிரையில் இருத்தினா. குசினியில் ஒரு புது மண்சட்டி கவிழ்த்திருந்தது. விரதக்காரனுக்குச் சமைக்க அன்று காலை வாங்கியதாம். அதைக் கேட்க எனக்கு மனம் இளகிப் போயிற்று.

அறையின் நடுச் சுவரில் மாதா படம், ஒன்றரை முழ உயரம். முன்னால் சிறு விளக்கு. அவாவும் புருசன் சூசைமுத்து அண்ணையும் கலியாணம் முடித்த அந்த நாற்பத்தெட்டாம் ஆண்டில் மாமனார் சட்டம் போட்டுக் கொடுத்த படம். கழற்றிப் பார்க்கலாமோ என்று கேட்டேன்.

"அவர் கடலுக்குப் போயிட்டார் தம்பி. ஆம்பிளை கடலில நிக்கேக்க மாதாவை நாங்கள் அசைக்கிறேல்லை. ரண்டு மணிக்கு வந்திடுவார்" என்றா.

ஓம் என்று தலையாட்டினேன். அவா குசினிக்குள் போனா. நான் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். முப்பத்தொரு வருசம் காத்திருந்தவனுக்கு மூன்று மணித்தியாலம் பொறுக்க முடியவில்லை. எழும்பிப் போய்ப் படத்தின் கீழ் விளிம்பை மூன்று விரல் அளவு தூக்கிப் பார்த்தேன். மங்கிய எழுத்து தெரிந்தது. 'பக்கம் 3' தெரிந்தது. கீழே விட்டபோது சட்டம் சுவரில் இடித்தது. திரும்பினேன். ரோசலின் அக்கா சோற்றுக் கோப்பையோடு வாசலில் நின்றா.

அவா கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, செபமாலையை எடுத்துக்கொண்டு முழந்தாளிட்டா. நான் அந்தச் சோற்றைத் தொடாமல் மூடி வைத்தேன்.

இரண்டு மணிக்கு அண்ணை வரவில்லை. மூன்றுக்கும் இல்லை. சோழகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காலம். காற்று பலமானால் வள்ளத்தை வெளியே தள்ளிக்கொண்டு போகும் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரோசலின் அக்கா கரையில் நின்றா. நான் பத்து முழம் தள்ளி நின்றேன், பக்கத்தில் போக முகம் இல்லை. எங்கள் ஊரில் குளக்கட்டு உடைந்தால் மண்வெட்டியோடு ஓடுவேன், செய்ய ஒரு வேலை இருக்கும். கடலுக்கு முன்னால் கையைப் பிசைவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணகித் தாயே, நான் தூக்கிப் பார்த்த குற்றத்தை அந்த மனிசனில் வைக்காதே என்று மன்றாடினேன்.

பொழுது சாய ஆறு மணிபோல் வள்ளம் தெரிந்தது. சூசைமுத்து அண்ணையும் கூடப்போனவரும் துடுப்பு வலித்து வலித்துக் கை தோலுரிந்து வந்தார்கள். வள்ளத்தைக் கரையேற்ற நானும் தோள் கொடுத்தேன். பிறகு அவர் முன்னால் நின்று, நீங்கள் கடலில் நிற்கும்போது படத்தைத் தூக்கிப் பார்த்தவன் நான்தான் என்று சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காத்து நேத்தைக்கும் அடிச்சது, இண்டைக்கும் அடிச்சது. ஆனா இவா இனி ஒரு மாதத்துக்கு உம்மைச் சொல்லித்தான் என்னை ஏசுவா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை. ஆனாலும், சட்டத்தைத் திறப்பதென்றால் பங்குச் சுவாமியார் முன்னிலையில் திறந்து, திரும்ப மந்திரித்துத்தான் பூட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார் என்றா. அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று நான் நினைக்கவுமில்லை. வந்த காரியம் பார்க்காமல் போவதில்லை என்று விறாந்தையில் பாயைப் போட்டேன். சனிக்கிழமை முழுக்க அவர்களுடைய வேலியைக் கட்டிக் கொடுத்தேன். அந்த வேலை எனக்குத் தெரியும்.

ஞாயிறு ஒன்பது மணிக்குப் பூசை முடிந்து சுவாமியார் வந்தார். சட்டத்தின் பின் ஆணிகளை அண்ணை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். குறுக்கே அடித்திருந்த பலகைத் துண்டுகளை எடுத்ததும் முழுத் தாளும் தெரிந்தது. என் வெளித்தாளைப் பக்கத்தில் விரித்தேன். தேதி ஒன்று, எழுத்து ஒன்று, நடுமடிப்பு ஒன்று. நாலு பக்கமும் உள்ள நடுத்தாள் அதுதான். மெல்லத் தூக்கினேன். மூன்றும் நாலும் ஐந்தும் விரிந்தன. ஆறாம் பக்கம் வரவில்லை. கடற்காற்றின் ஈரம் முப்பது வருசமாக அதை மாதா படத்தின் முதுகோடு ஒட்ட வைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் படத்தின் முகம் உரிந்து வரும்.

சூசைமுத்து அண்ணை தாராளமான மனிதர். மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தார். "நடுவால வெட்டுவம். மூண்டும் நாலும் உமக்கு, மற்றது மாதாவோட கிடக்கட்டும்" என்றார். சுவாமியாரும் அதில் பிழையில்லை என்றார். ரோசலின் அக்கா மட்டும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றா.

கத்தியை மடிப்பில் வைத்தாயிற்று. ஓம் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். பாதிப் பத்திரிகையை வைத்துக்கொண்டு இத்தனை வருசம் அலைந்தவன் நான். இதையும் வெட்டினால் இரண்டு வீட்டிலும் குறைப் பத்திரிகை.

"வேண்டாம் அண்ணை. கத்தியை எடுங்கோ" என்றேன்.

"அப்ப வாசியுங்கோவன்" என்றா ரோசலின் அக்கா. வெள்ளிக்குப் பிறகு என்னோடு அவா வாய் திறந்து கேட்ட முதல் வார்த்தை. "இத்தனை வருசம் செபம் சொல்லியிருக்கிறன், பின்னால என்ன எழுதியிருக்கெண்டு ஆரும் எனக்குச் சொன்னதில்லை."

முதற் பக்கத்திலிருந்து தொடங்கினேன். வாத்தியார் வாசித்தது போல உரத்து வாசித்தேன். பிறகு மூன்றாம், நாலாம், ஐந்தாம் பக்கங்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடங்களில் கொடி ஏற்றிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த செய்தி, ஒரு கோயில் திருவிழா அறிவித்தல், இருமல் மருந்து விளம்பரம், காணாமற்போன வண்டில் மாடு ஒன்றின் உடம்பில் சுட்டிருந்த குறியின் விபரம். அந்த மாடு கிடைத்ததோ என்று அண்ணை கேட்டார். அக்கா அந்த அறிவித்தலை மட்டும் இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னா. இவ்வளவுதானோ என்று எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அன்றைக்கு வாத்தியார் வாசிக்க இருந்தது இதுதான், இனி அது எனக்குத் தெரியும்.

வாசித்து முடிந்ததும் என் வெளித்தாளைக் கையில் எடுத்தேன். திரும்பப் பலகைக்குள் வைக்க மனம் வரவில்லை. அதை மடித்து நடுத்தாளின் மேல் வைத்தேன். அண்ணை தடுத்தார். நான் கேட்கவில்லை. ஆணியை நானே எடுத்துக் கொடுத்தேன். சுவாமியார் செபம் சொல்லி ஆசீர்வதித்த தண்ணீர் தெளிக்க, மாதா திரும்பச் சுவருக்குப் போனா.

திங்கள் காலை வற்றாப்பளை. உழவு மெசினிலிருந்து இறங்கிய மனைவி, கயிறு கட்டாத வெறும் பலகை இரண்டையும் பார்த்தா. "கொண்டு போனதையும் குடுத்திட்டோ வாறியள்?" என்று கேட்டா. ஓம் என்றேன். அவா தலையில் கைவைத்தா, பிறகு பானையை என்னிடம் தந்தா. பொங்கல் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

இப்போது என் பெட்டியில் சுதந்திரத்துக்கு மறுநாள் பத்திரிகை இல்லை. ஆனால் அந்தப் பத்திரிகை எட்டுப் பக்கமும் குறையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மாங்குளத்தில் முல்லைத்தீவு பஸ் ஏறி, பட்டினத்திலிருந்து இரண்டு மைல் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். சூசைமுத்து அண்ணை கரையில் நிற்கிறாரோ என்று முதலில் கேளுங்கள்.