புளித் தண்ணீரில் போன சிவப்பு

“மீன் கழுவுற கை வேற, இதுக்கு வேணுங்கிற கை வேறம்மா. நீ வேற தலைப்பு எடுத்துக்கோயேன்.”

எங்கள் துறைத் தலைவர் மேடம் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. நான் அப்போது விழுப்புரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. திண்டிவனத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். “இதையேதான் செய்வேன், மேடம்” என்றேன்.

விரால் குஞ்சின் உடம்பில் எலும்பு எந்த நாளில் எந்த இடத்தில் முளைக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. பொரித்து மூன்று நாளான குஞ்சு எள்ளை விடக் கொஞ்சம் நீளம். அதை அறுத்து எலும்பைப் பார்க்க முடியாது. ஆகவே முதலில் நீலச் சாயத்தில் ஊற வைப்பார்கள், குருத்தெலும்பு நீலமாகும். பிறகு பொட்டாஷ் கரைசலில் சதையைக் கண்ணாடி மாதிரி தெளிய வைத்து, அலிசரின் என்கிற சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். முற்றிய எலும்பு மட்டும் சிவக்கும். கடைசியில் கிளிசரினில் போட்டால் உடம்பு மறைந்து எலும்புக்கூடு மட்டும் மிதப்பது போலத் தெரியும். புத்தகத்தில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்திருந்தேன். அந்தச் சிவப்பை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

ஆவணி மழைக்கு எங்கள் ஏரியில் கோரைப் புல்லுக்கு நடுவே விரால் முட்டை மிதந்தது. சொம்பில் அள்ளி வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில் ஏரித் தண்ணீர் நிரப்பி விட்டேன். மாடு ஒரு மாதம் பக்கத்து வீட்டுத் தொட்டியில் குடித்தது. தினமும் ஐந்து குஞ்சு எடுத்து, ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த காலிப் பென்சிலின் பாட்டிலில் கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிப் போட்டு, நாள் எண்ணை ஒட்டினேன். இருபது நாள், இருபது பாட்டில். கடைசி நாள் மிஞ்சிய ஐந்து குஞ்சுகளைத் தனியாக இன்னொரு பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

நடுவில் ஒரு நாள் மாதிரிக்காக ஒரு பாட்டிலைப் பஸ்ஸில் கொண்டு போனேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் மூடி கசிந்துவிட்டது.

“இன்னாம்மா இது, கண்ணு எரியுது? பொணத்துக்குப் போடுற மருந்தா?” என்றார் கண்டக்டர்.

பின் சீட்டில் ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “படிக்கிற பொண்ணாம். மீன்காரிகூட நல்லா மூடிக்கினு வருவா” என்றாள். பஸ்ஸே சிரித்தது.

அதனால் இருபது பாட்டிலையும் மொத்தமாகக் கொண்டு போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், ஃபார்மலினைக் கொட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் மீன் வாடையை எப்படிப் போக்குவோமோ அப்படியே செய்தேன். புளியைக் கெட்டியாகக் கரைத்து, வடிகட்டி, எல்லாப் பாட்டிலிலும் ஊற்றி விடியும்வரை வைத்தேன். காலையில் நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயம் ஏற்றி முடிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. கிளிசரினில் போட்டு, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தள்ளிக் குனிந்தேன். மீன்கள் கண்ணாடியாகத் தெளிந்திருந்தன. தாடையும் செவுளும் நீலம். சிவப்பு இல்லை. பத்தாம் நாள் குஞ்சிலும் இல்லை, இருபதாம் நாள் குஞ்சிலும் இல்லை. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். தட்டை மாற்றி மாற்றி வைத்தேன்.

தப்பு என் மீது இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நேரே மேடத்திடம் போய், எல்லார் முன்னிலையிலும், “அலிசரின் கெட்டுப் போச்சு மேடம். அண்ணன் சரியா மூடி வைக்கல” என்றேன். அண்ணன் என்று நாங்கள் கூப்பிட்டது ஆய்வகத்து அட்டெண்டரை. மேடம் அவரைக் கூப்பிட்டுத் திட்டினார். அவர் தலை குனிந்து நின்றார்.

பத்து நாள் கழித்து அவர் என் மேசையில் ஒரு கண்ணாடித் தட்டை வைத்தார். ஆய்வகத் தொட்டியில் இருந்த கெண்டைக் குஞ்சு ஒன்றுக்கு அதே சாயத்தை ஏற்றியிருந்தார். தலை முதல் வால் வரை சிவப்பு.

“சாயம் நல்லாத்தான் கீது பாப்பா. உன் மீனுக்குத்தான் இன்னா ஆச்சோ.”

அன்று வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தேன். காரப்பொடி மீன் குழம்பு. நான் வழக்கம்போல் முள்ளைத் தேடிப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“அத்த ஏன் நோண்டிக்கினு கீற? நேத்து வெச்ச கொழம்பு. புளியில ஊறி முள்ளெல்லாம் பூவாட்டம் ஆயிருக்கும். அப்படியே மென்னு துன்னு” என்றாள் அம்மா.

கை அப்படியே இலைமேல் நின்றது. பி.எஸ்சி. முதலாம் ஆண்டிலேயே கோழி எலும்பை அமிலத்தில் போட்டு ரப்பர் மாதிரி வளைத்துக் காட்டி மதிப்பெண் வாங்கியவள் நான். எலும்பின் சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும். சுண்ணாம்பு போனால் சிவப்பு எதைப் பிடிக்கும்? எள்ளு அளவு மீன்களை விடிய விடியப் புளியில் ஊற வைத்தது இந்தக் கைதான்.

“இன்னாடி, முள்ளு மாட்டிக்கிச்சா?” என்று அம்மா தண்ணீரை நீட்டினாள்.

அலமாரியில் வைத்த ஐந்து குஞ்சுகள் ஞாபகம் வந்தன. இரண்டை ஒரு இரவு புளித் தண்ணீரில் போட்டேன். மூன்றைத் தொடவில்லை. ஐந்தையும் அதே சாயத்தில் ஒன்றாக ஏற்றினேன். இரண்டு வெறும் நீலம். மூன்றில் முதுகெலும்பு கணுக் கணுவாய், முடி கனத்தில், செக்கச் சிவந்து நின்றது. நான் ஆசைப்பட்ட அந்தச் சிவப்பு. பார்த்ததும் மகிழ்ச்சி வரவில்லை.

புளியைப் பற்றி யாருக்கும் தெரியாது. அந்த மூன்றைக் காட்டி, புதுச் சாயத்தில் சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் மேல் விழுந்த பழி அப்படியே கிடந்திருக்கும். உண்மையைச் சொன்னால், மேடம் அன்று சிரித்துச் சொன்ன வார்த்தையை என் கையாலேயே எழுதிக் கொடுத்தது போலாகும். இரண்டு நாள் அதே நினைப்பாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் எழுதினேன். “மீன் கழுவுவது போல் புளித் தண்ணீரில் கழுவிவிட்டேன். சாயத்தில் குற்றமில்லை, அட்டெண்டர் மீதும் இல்லை. மறுபடி செய்ய அனுமதி வேண்டும்.” ஐந்து குஞ்சுகள் இருந்த தட்டையும் சேர்த்து மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“மார்ச்சுக்குள்ள முடியுமா?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். “புளியா?” என்று வாய் பிளந்தார். “எங்க ஊட்ல கொழம்புக்கே புளி இல்லாம பேஜாரா கீது. நீ மருந்து மீனுக்கு ஊத்தியிருக்கிற!” பிறகு, நாள்பட்டால் ஃபார்மலினும் புளிக்கும், அதில் சேர் என்று சொல்லி, கொஞ்சம் போராக்ஸைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

கார்த்திகை மழையில் ஏரி மறுபடி நிரம்பி, விரால் மறுபடி முட்டையிட்டது. மாடு மறுபடி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. இருபது பாட்டிலும் ஃபார்மலினோடு பைக்குள் இருக்க, திண்டிவனத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டேன். அதே கண்டக்டர். மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

“இன்னாம்மா நாத்தம்?”

“மீனுங்க” என்றேன். “விழுப்புரம் ஒண்ணு.”