சிரிப்பு விழ வேண்டிய இடம்

என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவன் எதிர்வீட்டு நண்பன். தறியில் உட்கார்ந்தபடியே சிரிப்பான். தெருமுனை ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவான், எந்த ஜோக்கையும் முழுசாகச் சொல்ல விட்டதில்லை.

போன வருடம் அந்த முகம் இறுகிப்போனது. என்ன சொன்னாலும் சுவர் மாதிரி பார்த்தான். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். அவன் மகள் கல்யாணத்து ரசத்தைக் கிண்டலடித்தது ஞாபகம் வந்தது. சமாதானத்துக்குக் கோயில் இட்லி வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

"ரசம் நல்லாத்தான்டா இருந்துச்சு."

அவன் மனைவிதான் பதில் சொன்னார். "அவரு கோச்சிக்கலண்ணா. பார்க்கின்சன்னு நரம்பு வியாதியாம். கை நடுங்கும்னுதான் கேள்விப்பட்டுக்கினு இருந்தோம். மூஞ்சி கூட அசையாதாம். எழுத்து சின்னதாப் பூடுமாம்."

அடுத்த வாரம் முழுக்க எனக்கும் அதே வியாதி. கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டினேன். 'துவரம்பருப்பு' என்று எழுதிப் பார்த்தேன். எழுத்து சின்னதாகத்தான் தெரிந்தது. என் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

அந்தப் பயம் தெளிந்ததும்தான் உறைத்தது: இப்படி வியாதியைக் கோபமென்று நினைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வீடுகளோ! வைகாசி கருட சேவைக்கு எங்கள் தெருவில் மோர்ப் பந்தல் போட்டு அட்டை விசிறி கொடுப்போம். எப்போதும் அதில் ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கும். இந்த முறை ஒரே வரி போடச் சொன்னேன்: 'எழுத்து இப்படிச் சுருங்குதா, முகம் சிரிக்க மாட்டேங்குதா, நரம்பு டாக்டரைப் பாருங்க.' முதல் எழுத்து கட்டைவிரல் அளவு, கடைசி எழுத்து எறும்பு அளவு.

வந்தவர்களெல்லாம் சண்டைக்கு நின்றார்கள். "இன்னாண்ணா, பிரஸ்காரன் நல்லா ஏமாத்திட்டானா? போகப் போக எழுத்தே காணோம்!"

"அதாம்மா வியாதி" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன்.

ஒரு அம்மா மோரைக் குடிக்காமலே நின்றுவிட்டார். "எங்க வூட்டுக்காரு கையெழுத்து இப்படித்தாம்பா ஆயிக்கினு வருது. பேங்க்ல பழசோட சேரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் சோம்பேறின்னு திட்டிக்கினு இருக்கேன்." அவர் இரண்டு விசிறி வாங்கிக்கொண்டு போனார்.

விசிறிகளை எடுத்துக் கொடுத்தவன் என் நண்பன். அவன் கையிலேயே அவை படபடத்தன. "நீ குடுக்கும்போதே காத்து வருதுடா" என்றேன். பந்தலே சிரித்தது. அவன் முகம் அப்படியே இருந்தது.

"சிரிச்சேன்பா" என்றான், மெல்லிய குரலில். "உனக்குத் தெரியல."

இப்போதும் தினம் சாயங்காலம் அவன் தறிப்பக்கம் போய் உட்காருகிறேன். பழைய ஜோக் ஒன்றை எடுத்து, பாதியில் நிறுத்துகிறேன். அவன் சிரிப்பு குறுக்கே வந்து விழ வேண்டிய இடம் அது. காத்திருக்கிறேன். தெருமுனையில் ஆட்டோக்காரர்கள் அவர்கள் பாட்டுக்குச் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மீதியச் சொல்லுபா" என்கிறான்.

மீதி எனக்குத் தெரிந்தால்தானே.