வலிக்கு எந்த ஊர்

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பல வருடங்கள் நர்ஸாக இருந்தேன். வலியைக் காட்டுவதில் நாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டென்று அங்கேதான் தெரிந்தது. முக்கூடலில் நான் வளர்ந்த தெருவில் அலறினால்தான் வலி வந்துவிட்டதாக அர்த்தம். மஸ்கட்டிலோ சூடான் பெண்கள் சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். எகிப்துப் பெண்கள் கத்திக் கூரையைப் பெயர்த்துவிடுவார்கள். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் சொல்வாள்: "முகத்தைப் பார்க்காதே, கால்விரலைப் பார்."

இப்போது ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில், வாழைத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவர் மனைவியைக் கூட்டி வந்தார். தலைப்பிரசவம். இருவருக்கும் தமிழ் தெரியாது. அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்த இளைய நர்ஸ் சொன்னாள்:

"அவளுக்கு இன்னும் வலியே எடுக்கலக்கா. சும்மா சுவரப் பாத்துப் படுத்துக் கெடக்கா. பைய பாத்துக்கிடலாம்."

இருந்தாலும் போய்ப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமில்லை. கால்விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. கை வைத்துப் பார்த்தால், குழந்தையின் தலை இறங்கியிருந்தது.

"ஏட்டி, டாக்டரம்மாவக் கூப்பிடு! பிள்ள வந்துட்டு!"

டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் குழந்தை என் கையில் இருந்தது. பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. விலக்கிவிட்டதும் அழுதது.

அவளுக்குக் கொஞ்சம் இந்தி வரும் என்று மறுநாள் காலைதான் தெரிந்தது. மஸ்கட்டில் பழகிய இந்தியில் அவளிடம் கேட்டேன்.

"உங்கள் ஊரில் பெண்கள் வலிக்குச் சத்தம் போடமாட்டார்களோ?"

"யார் சொன்னது? என் அக்கா போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது."

"அப்புறம் நீ ஏன் போடவில்லை?"

"இங்கே யாரைக் கூப்பிடுவது? சத்தம் போட்டால் திட்டுவீர்கள். என்ன திட்டுகிறீர்கள் என்றுகூட எனக்குப் புரியாது. அதற்குத்தான் பயந்தேன்."

அவள் ஊர் வழக்கம் என்று நான் நினைத்தது வழக்கமே இல்லை. நேரத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆனால் காரணத்தைத் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன். அந்த அறையில் அவள் மொழி தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் அவளும் அலறியிருப்பாள்.

வலிக்கிறதா என்பதை ஒடியாவில் எப்படிக் கேட்பது என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்தாள். நான் திருப்பிச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாசலில் நின்ற இளைய நர்ஸ், "என்னக்கா சொல்லுதா?" என்றாள்.

"நான் பேசுதது ஒடியாவே இல்லியாம். நீயும் வா, படிப்போம்" என்றேன்.