சுண்டுவிரலில் சுடாத களிம்பு

களிம்புக்குப் பதம் பார்ப்பது விரலால்தான். வெட்டுக்காயப் பூண்டின் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, சடசடப்பு அடங்கியதும் வடிகட்டித் தேன்மெழுகு சேர்ப்பேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது சுண்டுவிரலில் விட்டுக் கட்டைவிரலால் தேய்ப்பேன். வழுக்கினால் இன்னும் மெழுகு வேண்டும். ஒட்டினால் இறக்கிவிடலாம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், எடப்பாடியில் எங்கள் வீட்டு அடுப்படியில் இப்படிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சரசு அலறினாள்.

"அக்கா, வெரலு கொப்பளிச்சுப் போச்சுங்க! சுடலீங்களா?"

குனிந்து பார்த்தேன். கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"எத்தனை வருசமா காய்ச்சற கை. பழகிப்போச்சு சாமி" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. தறியில் பாய்ந்தோடும் நாடா பட்ட கீறலோ, கரும்புத் தோகை அறுத்த கீறலோ, எங்கள் தெருவில் எல்லோருக்கும் என் களிம்புதான். அக்காவுக்குக் கொதிக்கிற எண்ணெயே சுடாது என்று சரசு தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். நானும் கேட்டுச் சிரித்தேன்.

அந்தக் கொப்புளத்துக்கு என் களிம்பையே பூசினேன். ஆறியது. பிறகு இன்னொன்று வந்தது. அதுவும் ஆறியது. என்னைப்போலச் சூடு தெரியாத கையோடு இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான். என் களிம்பு நல்ல களிம்பு. அதனால்தான் நான் ஏமாந்தேன். புண் ஆறுகிறதா என்று பார்த்தேனே தவிர, ஏன் வலிக்கவில்லை என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

சுண்டுவிரல் மடங்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்காரர் என்னைச் சேலத்துக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என் முழங்கையை அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சால் கையைத் தொடுவேன், தொட்ட இடத்தைக் காட்டுங்கள் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிச்சுட்டேன்மா" என்றார்.

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்). டாக்டர் அதைக் காய்ச்சல் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் பக்கம் அதற்குப் பெருநோய் என்று பெயர். அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். முழங்கை நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி தருவது) தடித்துவிட்டதாம். மருந்தில் நோய் குணமாகும், போன உணர்ச்சி திரும்புவது மட்டும் சந்தேகம் என்றார்.

"தினமும் கையைப் பாருங்க. வலி உங்களுக்குச் சொல்லாது. கண்ணுதான் சொல்லணும்."

"இந்தக் கையால தெருவுக்கே களிம்பு குடுத்திருக்கனுங்க. அவங்களுக்கு வந்துருமுங்களா?"

"களிம்பால வராதும்மா. மருந்து ஆரம்பிச்சுட்டா உங்ககிட்ட இருந்தும் பரவாது."

டாக்டர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் வெட்கம் போகவில்லை.

சில மாத்திரைகளை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலேயே விழுங்க வேண்டும். மற்றவை வீட்டில் தினமும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று சிறுநீர் சிவந்து போகும் (மருந்தின் நிறம், ரத்தமல்ல). உடம்பும் கறுத்தது. கேட்டவர்களிடம் வெயில் என்று புளுகினேன். களிம்பு கேட்டு வந்தவர்களிடம் மெழுகு கிடைக்கவில்லை என்றேன்.

ஒரு நாள் சரசு ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குத் தறியில் கை கிழிந்துவிட்டது. "பழசு கொஞ்சங்கூட இல்லீங்களா அக்கா?" என்று கெஞ்சினாள். அவளிடம் மெழுகுக் கதை சொல்ல வாய் வரவில்லை. வாசலிலேயே உள்ளதைச் சொன்னேன். அவள் ஓர் எட்டுப் பின்னால் வைத்தாள். "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்று திரும்பிப் போய்விட்டாள். கோபம் வரவில்லை. கூசிப்போய்க் கதவைச் சாத்தினேன். பிற்பாடு அவளே மறுபடி வந்து களிம்பு வாங்கிப் போனாள். ஆனால் அதற்கு வெகு காலம் ஆயிற்று.

வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய். டாக்டர் தேவையில்லை என்றுதான் சொன்னார். நானாக எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். தட்டைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அருவருப்பு என்று எடுத்துக்கொண்டேன். இனி இவர் என்னைத் தொடமாட்டார் என்று நானே முடிவு கட்டினேன். கேட்டுவிடலாம்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இடது கையை எப்போதும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். தினமும் பாருங்கள் என்று டாக்டர் சொன்ன கையை நான் பார்ப்பதே இல்லை. மாதாமாதம் சேலம் பஸ்ஸில் வலப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்து, போக வர முகத்தை வெளியிலேயே திருப்பி வைத்திருப்பேன். வீட்டுக்காரர் எனக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருப்பார்.

மருந்து முடிந்தது, இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன நாள். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டார். திரும்பினேன். முந்தானை விலகியிருந்தது. மரத்துப்போன அந்த விரல்கள் இரண்டும் வீட்டுக்காரர் கைக்குள் இருந்தன.

"எப்பங்க புடிச்சீங்க?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"இதென்ன கேள்வி புள்ள? மாசாமாசம் புடிச்சுட்டுத்தான வாரேன். நீதான் ஒருக்காகூடத் திரும்பிப் பாக்கல."

இத்தனை மாதமும் வெட்கப்பட்டதைவிட அந்த நிமிடம்தான் அதிகம் வெட்கப்பட்டேன். எடப்பாடி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணை எடுத்தால், அவர் இன்னும் பிடித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.