அய்யாதுரை அண்ணாச்சிக்கு எந்த மாதக் கல்?

எங்கள் நகைக்கடை தி.நகர் உஸ்மான் ரோட்டில். நான் வெள்ளிப் பாத்திரப் பகுதியில் நிற்பேன். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டி அய்யாதுரை அண்ணாச்சியுடையது. அதில் பிறந்த மாதக் கற்கள் இருக்கும். மார்கழியில் யாரும் நகை வாங்க வருவதில்லை. வருஷா வருஷம் ஈ ஓட்டி அலுத்துப்போன முதலாளி ராஜரத்தினம் எழுபத்திரண்டில் கண்டுபிடித்த வழி அது. இங்கிலீஷ் பிறந்த நாளுக்கு மார்கழி ஏது, தை ஏது? மாதத்துக்கு ஒரு கல் என்று அட்டை அச்சடித்துத் தொங்கவிட்டார். ஜனவரிக்கு அடர்சிவப்புக் கார்னெட், டிசம்பருக்கு நீலப்பச்சை ஃபிரோஸா.

ஒரே ஒரு சிக்கல். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேதி தெரியாது. நட்சத்திரம் சொல்வார்கள், கிழமை சொல்வார்கள், இங்கிலீஷ் மாதம் கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். அங்கேதான் அண்ணாச்சி கெட்டிக்காரர். ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து வந்த மாமியிடம், "பொண்ணு பொறந்தப்ப வீட்டுல என்ன வேல நடந்துச்சும்மா?" என்று கேட்டார்.

"மாவடு போட்டுண்டிருந்தேன். ஜாடியைத் தூக்கறச்சே வலி எடுத்துடுத்து."

"அப்ப மார்ச்சு!" என்று துள்ளினார் அண்ணாச்சி. மறுநாள் அந்த மாமி ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மார்ச் பத்தொன்பது! கடையே கைதட்டியது.

ஆனால் அவருடைய சொந்தப் பிறந்த நாளைக் கேட்டால் மனிதருக்கு முகம் சுண்டிவிடும். "ஜூன் ஒண்ணு. வாத்தியார் போட்ட தேதி" என்பார். உடன்குடிப் பக்கத்தில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு ஜூன் முதல் தேதி பிறந்ததுதான். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். மாமா வீட்டில் வளர்ந்தவர். ஒரு ஜூன் முதல் தேதி நான் விளையாட்டாக வாழ்த்துச் சொல்லப்போக, "ஊருக்கெல்லாம் ஒரு நாள் இருக்கு, எனக்கு மட்டும் இல்லல்லா. அத வச்சுக் கிண்டல் பண்ணாதல" என்று கத்திவிட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுபத்து நாலு ஜனவரி. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்த நேரம், அவர் மனைவி இசக்கியம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் ஒரு இன்லண்ட் லெட்டர்.

"தம்பி, இவுக அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்திட்டு! பொறந்தது மார்கழியாம். ஒரு மோதிரம் எடுத்துக் குடுக்கணும்."

"இத்தனை வருசமா அவங்க ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையாம்!"

எனக்குப் புல்லரித்தது. ஆனால் மார்கழி இரண்டு மாதத்திலும் கால் வைத்திருக்கிறதே! முன்பாதி டிசம்பர், பின்பாதி ஜனவரி. ஃபிரோஸாவா, கார்னெட்டா? இதைத் தீர்க்கக்கூடிய ஆள் இந்தச் சென்னையில் ஒருவர்தான். அவர் டீயை முடித்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

இசக்கியம்மாளைப் பாத்திர அலமாரிக்குப் பின்னால் நிற்கவைத்தேன்.

"அண்ணாச்சி, ஊர்லருந்து ஒரு லெட்டரு. பொஞ்சாதி, புருசனுக்குக் கல்லு கேக்காங்க. தேதி தெரியாதாம், மார்கழியாம். அவரு அக்கா சொன்னத அப்படியே எழுதியிருக்காங்க" என்று சொல்லி, பேர்களை விட்டுவிட்டுப் படித்தேன். 'அம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டிருந்தா. பாதிச் சுவர்ல வலி வந்திட்டு. மீதிய அத்தைதான் அடிச்சா. பிள்ளையத் தூக்கும்போதுகூட அம்மா வளையல்ல சுண்ணாம்பு ஒட்டியிருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.'

அண்ணாச்சி மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "சுண்ணாம்பா! ஏல, மார்கழியில சுண்ணாம்பு எதுக்கு அடிப்பாக? பொங்கலுக்கு! அதுவும் கடைசி வாரம்தான். முன்னாடியே அடிச்சா அழுக்காயிரும்லா. ஜனவரிதாம்ல. கார்னெட்டு. அடிச்சுச் சொல்லுவேன்!"

"நாளு தெரியலையே, அண்ணாச்சி?"

"பொங்கலுக்கு முந்தின வாரத்துல ஒரு நாள எடுத்துக்கிடச் சொல்லு. யாரு வந்து கேக்கப் போறா?"

சொல்லிக்கொண்டே கல் பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, மனசுக்குப் பிடிக்காமல் வைத்தார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. நாலாவது கல்லில்தான் அவருக்குத் திருப்தி வந்தது. "வெரல் அளவு அனுப்பியிருக்காளா?" என்றார்.

இசக்கியம்மாள் வெளியே வந்து, அவர் வலது கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

"இந்த வெரலுதான். இன்னைக்கு எட்டாந் தேதி, பொங்கலுக்கு முந்தின வாரம். இன்னைக்கே வச்சுக்கிடுவோம்."

அண்ணாச்சிக்கு முதலில் விளங்கவில்லை. மனைவி முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கை நீட்டினார். "அந்த லெட்டரக் குடு."

தானே படித்தார். வளையல் என்று இருந்த வரியில் விரலை வைத்தபடி நின்றார். கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நானும்தான் அழுதேன், அதில் வெட்கம் என்ன? முதலாளி கல்லாவிலிருந்து எழுந்துவந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, அன்றைக்கே கல்லை மோதிரத்தில் பதித்துத்தரப் பட்டறைக்குச் சொல்லி, உடனே அல்வா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக அடையாற்றிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். மகளுக்குக் கல் வேண்டும், பிறந்தது மே மாதம் என்றார்.

"மே மாசமா?" என்றார் அண்ணாச்சி, மோதிரக் கையைப் பெட்டியின் மேல் நன்றாகத் தெரிய வைத்துக்கொண்டு. "நமக்கு ஜனவரிம்மா. ஜனவரி எட்டு!"