மாஸ்டர் கைகாட்டிய சமையலறை

மாஸ்டருக்குப் பார்வை ஓரங்களில் மட்டும்தான் மிச்சம். நேரே பார்த்தால் புகை. தலையைச் சாய்த்தால் கதவின் விளிம்பும் மனைவியின் தோளும் தெரியும். அதுவும் கொஞ்ச காலம்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஓட்டல்காரர் அதற்கும் முன்பே அவர் இடத்தில் வேறு சமையல்காரரைப் போட்டுவிட்டார்.

வீட்டிலும் அடுப்பு எப்போதும் அவர் பொறுப்புதான். தையல் கம்பெனிக்குப் போகிற மனைவி இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அவள் வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"வேலை போனா போகட்டும், தம்பி. இவளுக்கு ஒரு வாய் சோறு ஆக்கிப் போட முடியலன்னா அப்புறம் நான் எதுக்கு?"

சமையலறையை மாற்றிக் கட்ட வந்த கொத்தனார் அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டார். "எல் மாதிரி மேடை போட்டா மூலை வீணாகாது, மாஸ்டர். இல்ல, ரெண்டு பக்கமும் போட்டு நடுவுல நின்னுக்கலாம்."

"மூலையெல்லாம் கண்ணு தெரியறவங்களுக்கு. எனக்கு ஓட்டல்ல இருந்த மாதிரியே ஒரே நீட்டா வேணும். அது என் கைக்கு மனப்பாடம்."

"கண்ணு நல்லா இருந்தப்பவே இவரு எங்க அடுப்பைப் பாத்தாரு?" என்றாள் மனைவி. "சர்வருங்களைத் திட்டிக்கிட்டேதான் தாளிப்பாரு."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே காலி செய்த சமையலறைக்குள் போனார். ஓட்டலில் நிற்பதுபோலவே சுவரில் முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்து நின்றார். அங்கே பின்னால் சுவர், முன்னால் மேடை, அதற்கப்பால் சர்வர்கள். கண்ணை மூடிக் கைகளை விரித்தார். "வலது கைல தண்ணித் தொட்டி. இடது கைல அடுப்பு. நடுவுல நறுக்கற இடம்."

விரல் நுனி தொட்ட இடங்களில் கொத்தனார் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அம்சமாக வரும் என்றாள் மனைவி.

சுவரைத் துளைத்துக் குழாய் போட்டு, கல் பதித்து, எல்லாம் முடிந்தது. மனைவி லீவு போட்டாள். "இன்னிக்கு நீ மகாராணி மாதிரி உக்காரு" என்று சொல்லி மேடைக்கு வந்தார் மாஸ்டர். தண்ணீருக்குப் போன வலது கை அடுப்பில் இடித்தது.

வீட்டு மேடை சுவரோடு ஒட்டியது. அதில் வேலை செய்கிறவர் சுவரைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும்; வலது இடதாகிவிடும். கண்ணுள்ள இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. கண்ணில்லாதவருக்கு இப்போது தோன்றியது.

"தம்பியத் திட்டாத. நான் காட்டுன இடத்துலதான் வச்சிருக்கான்" என்றார். "பழகிக்கறேன்."

மனசு பழகியது. கை பழகவில்லை. ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது மாடிப்படியிலேயே கருகல் நாற்றம். தொட்டியில் போடுவதாக நினைத்து ஈரத்துணியை எரிகிற அடுப்பில் போட்டிருந்தார். எடுக்கப் போன உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"லேசாத்தான்" என்றார். அவள் மருந்து தடவினாள்.

விஷயம் கேள்விப்பட்டுக் கொத்தனார் ஓடி வந்தார். "இடிச்சிட்டு மாத்திடலாம், அக்கா."

"கட்டினதே போதும், சாமி. நான் வேலை முடிஞ்சு வர்றப்ப ஆளாவது மிச்சம் இருக்கணும்."

மறுநாள் காலை அவளே சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். மாஸ்டர் மேடைக்கு அடியில் துழாவினார். சிலிண்டர் இருந்தது, அதன் தலையில் ரெகுலேட்டர் இல்லை. கைப்பையில் போட்டு எடுத்துப் போய்விட்டாள்.

எழுந்து, மேடையில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்து நின்றார். பழக்கத்தில் கைகள் தாமாகவே விரிந்தன. வலது கையில் தண்ணீர்க் குழாய். இடது கையில் அடுப்பு. ஓர் அங்குலம் பிசகவில்லை.

குழாயைத் திறந்தார். கழுவ ஒன்றுமில்லை. மூடினார். மேடையில் அவள் வைத்துவிட்டுப் போன சோற்றிலிருந்து அடிப்பிடித்த வாசனை வந்தது.