எங்கள் கிளப்பின் வால்

வண்டி சீட்டைப் பிரிப்பதற்கு முன் அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். வாயில் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். பேச்சு அவற்றின் இடுக்கு வழியாகத்தான் வரும். "இடது பக்கம் பள்ளமா இருக்கு. வலது பின் பாக்கெட்ல பர்ஸ் வச்சிக்கிட்டு இடது பக்கமா சாஞ்சு ஓட்டுறீங்க. இடுப்பு வலிக்குமே?" வண்டிக்காரர் தன்னையறியாமல் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மோட்டார் சைக்கிளுக்கு சீட் தைப்பது அவர் தொழில். கடை என்று பேர்தான். தையல் மிஷின், ஒரு பலகை, கூரை வரை அடுக்கிய ஸ்பாஞ்ச் எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில் அவர் ஒருவர் உட்காரலாம். வந்தவர்கள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும்.

எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பில் அவருக்கு வால் என்று பெயர். சேட்டைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வாலுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களில் கடைசி வண்டி இவருடையது, அவ்வளவுதான். யார் வண்டி மக்கர் செய்தாலும் பின்னாலேயே வந்து நிற்பார். கிளப்பிலேயே ஆமை நான் என்பதால், அவரை என் பக்கக் கண்ணாடியில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் அவர் தெரிகிறவரை எனக்கு எந்த ரோட்டிலும் பயம் வந்ததில்லை.

கடைசியில் வருவது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. எல்லோரையும் ஏற்றிவிட்டு ஏறலாம் என்று நின்று பஸ்ஸைத் தவறவிடுவார். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு கதவைச் சாத்துவதும் அவர்தான். "எங்க கல்யாணத்துக்கே கடைசியா வந்து சேர்ந்தவர் இவர்தான்" என்பார் அவர் மனைவி.

முன்னால் போகிறவரைத் தலை என்போம். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். வாரம் முழுக்க மேலும் கீழும் போகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமையாவது நேராகப் போகக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று சொல்லிச் சிரிப்பார். யாராவது வேகம் எடுத்தால், "தலை போற அவசரமா?" என்று கேட்டுத் தன் தலையையே தட்டிக் காட்டுவார். போய்ச் சேரும் இடத்தில் முதலில் நிற்பவர் அவர்தான். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். வால் வந்து ஹாரனை இரண்டு முறை அடிக்க வேண்டும். எல்லாரும் வந்தாச்சு என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகுதான் அவர் ஹெல்மெட் இறங்கும், எங்களுடையதும் இறங்கும். வேர்த்துக் கொட்டினாலும் இதில் மாற்றம் கிடையாது. மற்றபடி அவர்கள் இருவரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், நடுவில் நாங்கள் இத்தனை பேர், எப்போது பேசுவார்கள்?

மழைக்காலம் தொடங்கியபோது தலை இறந்துபோனார். ரோட்டில் அல்ல, வேலையிடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. எங்கள் வண்டிகள் எல்லாம் அவருக்குப் பின்னால் போயின. மயான வாசலில் ஹெல்மெட்டோடு நின்று வாலின் ஹாரனுக்காகக் காத்திருந்தோம். அவர் அடிக்கவில்லை. பிறகு வந்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கவில்லை. போய் இறங்கிய இடத்தில் எப்போது ஹெல்மெட்டைக் கழற்றுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்போம். ஒருநாள் கடைக்குப் போய் நான்தான் கேட்டேன். குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாரும் வந்தாச்சுன்னு எப்படிங்க அடிக்கிறது?"

தலையின் மனைவி எங்களுக்கெல்லாம் அண்ணி. கணவரின் வண்டியை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். தலைக்காக கிளப் நடத்தும் நினைவுப் பயணத்தில் அந்த வண்டியில் தானே முன்னால் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் வண்டி உயரம், கால் தரையில் எட்டவில்லை. சீட்டை இரண்டு விரல் அளவு குறைத்துத் தரும்படி வாலிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வால் வாங்கி வைத்ததோடு சரி. ஸ்பாஞ்ச் வரவில்லை என்றார், நூல் சரியில்லை என்றார். உயரத்தைக் குறைக்க எதற்குப் புது ஸ்பாஞ்ச் என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. சீட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். அதன்மேல் யாராவது கையுறையை வைத்தால்கூட எடுத்துக் கீழே வைத்துவிடுவார். தலை வருடக்கணக்கில் உட்கார்ந்த பள்ளம் அதில் இருந்தது. சீட்டைக் குறைப்பவர்கள் மேலிருந்துதான் சீவுவார்கள். சீவினால் பள்ளம் போய்விடும்.

பயணத்துக்கு முந்தைய வாரம் அண்ணி கடைக்கு வந்தார். நானும் வாசலில் நின்றிருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க அண்ணனை எடுத்துடச் சொல்லல தம்பி. எனக்குக் கால் எட்டல, அவ்வளவுதான்."

"தெரியும் அண்ணி" என்றார் வால்.

அண்ணி போனதும் உறையைப் பிரித்தார். ஸ்பாஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து சீவத் தொடங்கினார். அது இரட்டை வேலை. ஸ்பாஞ்ச் உட்கார்கிற அடித்தகட்டின் வளைவு நெளிவுக்கு ஏற்றபடி சீவ வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் சீட் ஆடும். சீவுவது, தகட்டில் பொருத்திப் பார்ப்பது, மறுபடி எடுத்துச் சீவுவது என்று அன்று வேறு வேலையே எடுக்கவில்லை. மேல்பக்கத்துப் பள்ளத்தில் கத்தி படவில்லை. பழைய உறையையே இழுத்துப் போட்டுத் தைத்தார்.

நினைவுப் பயணத்தில் அண்ணி முன்னால் போனார். ஆற்றுப் பாலம் தாண்டி நாங்கள் வழக்கமாக நிற்கும் மரத்தடியில் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தலை வீட்டில் சொல்லியிருப்பார் போலும். நாங்களும் ஒவ்வொருவராக வந்து நின்றோம், யாரும் கழற்றவில்லை. எனக்குப் பின்னால் வால் வந்து இன்ஜினை அணைத்தார். ஹாரன் சத்தம் வரவில்லை. முன்னால் ஹெல்மெட்டோடு நின்ற அந்தத் தலை ஒரே ஒரு முறை திரும்பி எங்களைப் பார்த்து, "தலை போற அவசரமா?" என்று கேட்காதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

வால் இறங்கினார். வண்டி வரிசையை ஒட்டி முன்னால் வரை நடந்து போனார். தலையின் வண்டி அருகே நின்று, கையுறையைக் கழற்றி, சீட்டின் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு தன் வண்டிக்குத் திரும்பி வந்து ஹாரனை இரண்டு முறை அடித்தார்.